ஸ்டர்ஜிஸ் பைக் விழா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இருக்கும் ஸ்டர்ஜிஸ் நகர மன்றத்தாருக்கும், மதுபான பார் உரிமம் கொடுக்கிற மீட் கவுன்டி (மாவட்ட) நிர்வாகத்துக்கும் வணக்கம்.

1938-இல் சின்ன பைக் பந்தயமாகத் தொடங்கிய உங்கள் விழாவுக்கு இப்போது ஒவ்வோர் ஆகஸ்டிலும் பல லட்சம் பேர் வருகிறார்கள். ஊரில் இருப்பதே ஏழாயிரம் பேர் சொச்சம். பைக் ஓட்டுகிற எனக்கு இதைப் பார்த்தால் பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர் இருக்கும் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி யாருடையது என்ற தகராறு இன்னும் தீரவில்லையே. 1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தில் பிளாக் ஹில்ஸ் லகோட்டா பழங்குடி மக்களுக்கு என்று எழுதிக் கொடுத்த அமெரிக்க அரசு, தங்கம் இருப்பது தெரிந்ததும் 1877-இல் பிடுங்கிக்கொண்டது. 1980-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. வட்டியோடு அது 100 கோடி டாலரைத் தாண்டியும் லகோட்டா மக்கள் தொடவில்லை. பணம் வேண்டாம், மலையைக் கொடு என்கிறார்கள்.

குதிரை மேல் வாழ்ந்த ஜனம் அது, ராணுவம் அந்தக் குதிரைகளையும் பறித்தது. அதனால் ஒரு லகோட்டா ரைடர் தன் வண்டியை இரும்புக் குதிரை என்று சொன்னால் எனக்கு அது டி-சர்ட் வாசகமாகக் கேட்பதில்லை. 'மெடிசின் வீல் ரைடு' என்று பழங்குடிப் பெண்கள் சேர்ந்து ஓட்டுகிறார்களே, காணாமல் போன, கொல்லப்பட்ட தங்கள் பெண்களுக்காக. 2016-இல் அப்படிக் காணாமல் போனதாகப் பதிவான புகார்கள் 5,712; அமெரிக்க நீதித் துறையின் தரவுத்தளத்தில் ஏறியது வெறும் 116. தங்கையைத் தொலைத்தவள் வீட்டில் தனியாக உட்கார்ந்தால் மனசு அதையே சுற்றிச் சுற்றி வரும். வண்டியில் ஏறினால் கண் சாலையைப் பார்த்தாக வேண்டும், கை கிளட்ச்சைப் பிடித்தாக வேண்டும், அப்புறம் முன்னாலும் பின்னாலும் அதே துக்கத்தைச் சுமந்தவர்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கேட்க வந்த விஷயம். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பேர் பியூட் மலை, லகோட்டாக்களும் ஷயான் என்ற இன்னொரு பழங்குடியினரும் உண்ணாமல் இருந்து பிரார்த்திக்கும் இடம். மரங்களில் அவர்கள் கட்டிய துணிகள் தொங்கும். அதன் அடிவாரத்தில் பார், கச்சேரி எல்லாம் வேண்டாம் என்று 2006-இலேயே முகாம் போட்டுப் போராடினார்கள்.

அந்த மலைப் பக்கம் இனி புது பாருக்கு உரிமம் கொடுக்காதீர்கள். விழா நாட்களில் 79-ஆம் நெடுஞ்சாலையில் மலையைக் கடக்கும் தூரத்துக்காவது வேகத்தையும் சைலன்சர் சத்தத்தையும் கட்டுப்படுத்துங்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு காலை நேரத்தை அந்தப் பெண் ரைடர்களுக்கு விட்டுக்கொடுங்கள். எந்த நாள், எப்படி என்பதை அவர்கள் சொல்லட்டும், ஸ்பான்சர்கள் அல்ல. அடுத்த ஆகஸ்டுக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டால் நல்லது.