சுவிட்ச் போட்டதும் கேட்டுவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

காது கேளாத குழந்தைகளுக்கு இலவசமாக காக்ளியர் கருவி (உள்காதுக்குள் கம்பி வைத்து, சத்தத்தைக் கரண்டாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பது) பொருத்திய செய்தியைப் படத்துடன் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் ‘ஆபரேஷன் முடிந்ததும் குழந்தைகளுக்குக் காது கேட்டது’ என்று முடித்திருந்தது உறுத்தியது. என் பேத்திக்கும் இரண்டேகால் வயதில் இதே கருவியை வைத்தார்கள்.

நான் 32 வருஷம் வயர்மேன். டாக்டர் மாதிரிக் கருவியைக் காட்டியபோது என் கண் கம்பி மேலேயே இருந்தது. நூல் கனத்தில் சிலிகான் உறை, அதில் வரிசையாக 22 பிளாட்டினம் முனைகள். ஏன் செம்பு இல்லை என்று கேட்டேன். உள்காதில் இருப்பது உப்பு கலந்த திரவம், செம்பு அரித்து நரம்பைக் கெடுத்துவிடும், பிளாட்டினம் அசராது என்றார். நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட இடத்துக்குள் சிலிகான் வளைந்து கொடுத்துப் போகும். அப்படியும் உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து மெல்லிய தழும்பால் சுற்றிக்கொள்ளுமாம். அதற்கேற்ப அவ்வப்போது கரண்ட் அளவை மாற்றி வைக்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து நாலு வாரம் கழித்து சுவிட்ச் ஆன் செய்தார்கள். குடும்பமே செல்போனோடு நின்றது. பிள்ளை வீறிட்டு அழுததோடு சரி. நல்ல காதில் சத்தத்தை நரம்புக்குக் கொடுக்கும் செல்கள் சுமார் 3500. இங்கே 22 முனைகள்தான். மிச்சத்தை மூளைதான் பழகிப் பழகிப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்றரை வயதுக்குள் வைத்தால் சுலபமாகப் பழகுமாம். தாமதித்தால் மூளையில் காதுக்கு உரிய இடத்தைக் கண் எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும், ஆளில்லாத வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டார் விறகு அடுக்குவது போல. ‘எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவோம்’ என்று ஒரு வருஷத்தை வீணாக்கியவன் நான்தான்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மருமகள் வேலையை விட்டாள். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, வாயைக் கையால் மறைத்தபடி ‘பால்’, ‘பந்து’ என்று நாள் முழுக்கச் சொல்வோம். ஐந்தாம் மாதம் ஒருநாள் குக்கர் விசில் அடித்தது. விளையாட்டை நிறுத்திவிட்டுத் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அன்றைக்கு யார் கையிலும் செல்போன் இல்லை.

அப்புறம் பயிற்சி கொடுத்த டீச்சர் மாறிப் போனார். மூன்று மாதம் பயிற்சியே இல்லை. நடுவில், காதுக்கு வெளியே மாட்டும் கருவியின் கேபிள் அறுந்து 11 நாள் பிள்ளை சத்தமில்லாமல் கிடந்தாள். கருவி இலவசம், கேபிள் கைக்காசு. கம்பத்தில் ஏறி எத்தனையோ லைனுக்கு ஒட்டுப் போட்டவன், அந்த ஒரு சாண் வயரில் கை வைக்க முடியவில்லை.

உங்கள் நிருபர் அந்தக் குழந்தைகளை ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்க்கட்டும். பயிற்சிக்கு எந்த ஊருக்குப் போகிறார்கள், கேபிளுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டு, அதையும் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வயர்மேன்,
திண்டுக்கல் மாவட்டம்.