பூட்டிய ஆய்வுகூடங்களும் உயர்தர விஞ்ஞானமும்

பிரதம ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியக் கல்விமுறையின் குறைகள் பற்றி நமது பத்திரிகைகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. கோட்டா நகரத்துப் பயிற்சி நிலையங்கள், நீட் பரீட்சையின் நெருக்கடி, விளங்காமலே பாடமாக்கி பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைகள் என்று வரும் கட்டுரைகளை இங்குள்ள பெற்றோரும் கவலையோடு வாசிக்கிறார்கள். அதே நோய் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உயர்தர (பல்கலைக்கழக அனுமதிக்கான பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தர) விஞ்ஞான வகுப்புகளிலும் இருக்கிறது. இங்கே அது பயிற்சி நிலையத்தில் தொடங்குவதில்லை, பாடசாலை ஆய்வுகூடத்தின் பூட்டில் தொடங்குகிறது. இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்பித்தவர்கள் என்ற வகையில் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றுக்கும் தனியாகச் செய்முறைப் பரீட்சை கிடையாது. சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் பிள்ளையை நேரில் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். விஞ்ஞானத்துக்கு அந்த வேலையைக் கடதாசி செய்கிறது. இரண்டாம் வினாத்தாளில் சிறு சிறு பகுதிகளாக விடை கேட்கும் அமைப்புக் கட்டுரை வினாக்கள்தான் செய்முறை அறிவைச் சோதிக்கின்றன. பௌதிகவியலில் அந்த நான்கு வினாக்களும் பெரும்பாலும் ஆய்வுகூடப் பரிசோதனைகளையே சுற்றி வரும். உபகரணத்தைக் கையில் எடுத்திராத பிள்ளை அதற்கு எப்படி விடை எழுதுவது? கடந்தகால வினாத்தாள்களின் புள்ளித்திட்டத்தைப் பாடமாக்கித்தான். கேட்ட கேள்வியே திரும்ப வந்தால் தப்பிவிடும். கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தடுமாறும்.

ஓர் உதாரணத்தை நுணுக்கமாகப் பார்ப்போம். சோடியம் காபனேற்றின் நியமக் (செறிவு திட்டமாகத் தெரிந்த) கரைசலைக் கொண்டு ஐதரோகுளோரிக்கமிலத்தின் செறிவைக் காணும் நியமிப்பு மிகச் சாதாரணமான செய்முறை. நீரற்ற சோடியம் காபனேற்று 2.65 கிராம் நிறுத்து, 250 மில்லிலீற்றர் கனமானக் குடுவையில் கரைத்துக் கோடுவரை நிரப்பினால் லீற்றருக்கு 0.1 மூல் செறிவு. அதில் 25 மில்லிலீற்றரைக் குழாயியால் (பிப்பெட்) எடுத்து நியமிப்புக் குடுவையில் விட்டு, நிறங்காட்டியாக மெதைல் செம்மஞ்சள் இரண்டு துளி சேர்த்து, அளவியிலிருந்து (பியூரெட்) அமிலத்தை விட வேண்டும். மஞ்சள் நிறம் செம்மஞ்சளுக்குத் திரும்பும் அந்த ஒரு துளிதான் முடிவுப்புள்ளி. அமிலம் 0.2 மூல் என்றால் வாசிப்பு 25 மில்லிலீற்றரை ஒட்டி வரும்.

இதில் பிள்ளைகள் எங்கே பிழைவிடுவார்கள் என்பது செய்து பார்த்தவர்களுக்கே தெரியும். அளவியைத் தண்ணீரால் கழுவிவிட்டு அப்படியே அமிலத்தை ஊற்றினால் அமிலம் ஐதாகி வாசிப்பு கூடும். எனவே அளவியையும் குழாயியையும் அந்தந்தக் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும். நியமிப்புக் குடுவையைக் கரைசலால் அலசவே கூடாது. வடிநீரால் மட்டும் அலச வேண்டும், அது ஈரமாக இருந்தாலும் பாதகமில்லை. ஏனென்றால் அங்கே முக்கியம் கரைசலின் செறிவல்ல, உள்ளே விழுந்த மூல்களின் அளவு. இந்த வேறுபாட்டைக் கையால் செய்த பிள்ளை மறக்காது. பாடமாக்கிய பிள்ளை மூன்றுக்கும் 'கரைசலால் அலசுக' என்று எழுதிவிட்டு வரும்.

இன்னும் இருக்கின்றன. அளவியின் திருகுக்குக் கீழே காற்றுக்குமிழி நின்றால், அது வெளியேறும்போது அதன் கனவளவும் வாசிப்பில் சேர்ந்துவிடும். நிரப்பிய புனலை எடுக்காமல் விட்டால் அதிலிருந்து பிறகு ஒரு துளி விழும். குழாயியின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. அந்தத் துளி தங்கும் என்று கணக்கிட்டே குழாயியில் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. மெதைல் செம்மஞ்சளுக்குப் பதிலாகப் பினோப்தலீன் விட்டால் பாதித் தூரத்தில், 12.5 மில்லிலீற்றரிலேயே நிறம் போய்விடும். காபனேற்று முதலில் இருகாபனேற்றாக மாறுவதே அதற்குக் காரணம். கண்ணெதிரே நிறம் பாதியில் மறைவதைப் பார்த்த பிள்ளைக்கு இந்த இரு படிகளையும் விளக்க ஒரு நிமிடம் போதும். வெண்பலகையில் சமன்பாடாக மட்டும் பார்த்த பிள்ளைக்கு ஒரு பாடவேளை போதாது.

பௌதிகவியலிலும் இதே கதை. கம்பியின் விட்டத்தை அளக்க வேணியர் இடுக்கி ஏன் போதாது, நுண்மானித் திருகுக் கணிச்சி ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். முன்னது 0.1 மில்லிமீற்றர், பின்னது 0.01 மில்லிமீற்றர். அந்த எண்கள் எல்லோருக்கும் பாடம். ஆனால் கணிச்சியின் நுனியில் 'கட கட' என்று வழுக்கிச் சுழலும் சிறு தலைப்பைத் திருப்பிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அது எதற்கு என்று தெரியும். கம்பியை நெரிக்காமல் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் பிடிப்பதற்கே அது. மின்கலத்தின் மின்னியக்க விசையை அளக்கும் அழுத்தமானியில், மின்னோட்டத்தைக் காட்டும் கல்வனோமானியின் முள் கம்பியின் இரு அந்தங்களிலும் ஒரே பக்கம் சாய்ந்தால், கலத்தின் முனைகள் மாறியிருக்கலாம், அல்லது பிரதான சுற்றின் அழுத்தம் போதாமலிருக்கலாம், எங்காவது இணைப்பு விட்டும் இருக்கலாம். இந்தச் சிக்கலில் ஒருமுறை மாட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் திணறிய பிள்ளைக்கு அந்த வினாவில் முழுப் புள்ளியும் கிடைக்கும்.

'வசதி இல்லை, காசு இல்லை' என்று சொல்லிவிடுவது எளிது. கணக்கைப் பார்ப்போம். நாற்பது பிள்ளைகள், இருவருக்கு ஓர் அளவி என்றால் இருபது சோடி. ஒரு சோடிக்கு மூன்று வாசிப்பும் அலசுவதும் சேர்த்து ஒவ்வொரு கரைசலிலும் 100 மில்லிலீற்றர் போதும். ஆக இரண்டு லீற்றர் காபனேற்றுக் கரைசல், இரண்டு லீற்றர் அமிலக் கரைசல். அதற்குத் தேவை 21.2 கிராம் சோடியம் காபனேற்றும் சுமார் 34 மில்லிலீற்றர் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலமும். அரைக் கிலோப் போத்தல் ஒன்று பல வருடங்களுக்கு வரும். ஆகவே செய்முறை நின்றுபோவது இரசாயனப் பொருளின் விலையால் அல்ல. கண்ணாடிப் பொருட்கள் உடைந்தால் எழுதிக் கழிக்கும் நடைமுறை ஒரு தலையிடி, அதற்குப் பயந்தே அலுமாரியைத் திறக்காத அதிபர்கள் இருக்கிறார்கள். ஓர் அளவி உடைந்தால் ஆசிரியர் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஒரு வருடம் முழுக்கச் செய்முறையே நடக்காவிட்டால் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிறது.

கட்டடமும் ஒரு சாட்டில்லை. ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகள் திட்டத்தில் கட்டிய மகிந்தோதய ஆய்வுகூடங்கள் கிழக்கிலும் நிற்கின்றன. அவற்றில் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா, கழுவுதொட்டி அடைத்திருக்கிறதா, ஆய்வுகூட உதவியாளர் இருக்கிறாரா, இருந்தால் அவர் ஆய்வுகூடத்தில் இருக்கிறாரா, அலுவலகத்தில் கடிதம் பதிந்துகொண்டிருக்கிறாரா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். உதவியாளர் இல்லாத இடத்தில் கரைசல் தயாரிப்பது, இருபது சோடிக்கும் பரப்பி வைப்பது, கழுவி அடுக்குவது எல்லாம் ஆசிரியர் தலையில். நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் இது நடக்காது. இரண்டு பாடவேளைகள் சேர்ந்தால் நடக்கும்: உபகரணம் பொருத்தி அலச இருபது நிமிடம், பிறகு பரும்படியாக ஒரு வாசிப்பு, திருத்தமாக இரண்டு வாசிப்பு, கழுவக் கால்மணி. நேரசூசியில் அந்த இரட்டைப் பாடவேளை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

எங்கள் கரையோரத்துக்கே உரிய சில தொல்லைகளையும் சொல்ல வேண்டும். கடலும் வாவியும் சூழ்ந்த ஊர்களில் கிணற்று நீரில் உப்பு உண்டு. அதில் வெள்ளி நைத்திரேற்றைக் கரைத்தால் பரிசோதனை தொடங்கும் முன்பே பால்போல் கலங்கிவிடும். குளோரைட்டுக்கான சோதனையில் பிள்ளைகள் எல்லா மாதிரிக்கும் 'உண்டு' என்று எழுதுவார்கள். வடிகருவி பழுதென்றால், பற்றறிக்கு ஊற்றவென்று விற்கும் வடிநீரை வாங்கலாம். ஆனால் அதே அடுக்கில் பற்றறி அமிலமும் இருக்கும், போத்தலைப் பார்த்து எடுக்க வேண்டும். வாங்கிய நீரிலும் முதலில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுக் கலங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நீரற்ற சோடியம் காபனேற்றுப் போத்தலின் மூடி சரியாக இறுகாவிட்டால் மாரிகாலத்தில் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபட்டுவிடும். நிறுக்கும் 2.65 கிராமில் தண்ணீரும் சேர்ந்திருந்தால் நியமக் கரைசல் நியமமாக இருக்காது. சூடாக்கி உலர்த்தி, ஆறவிட்டே நிறுக்க வேண்டும். நுணுக்குக்காட்டி வில்லைகளில் பூஞ்சணம் பிடிப்பதும் இந்த ஈரத்தால்தான். மூடிய அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நீலம் மங்கி இளஞ்சிவப்பானதும் சூடாக்கித் திரும்ப வைத்தால் வில்லைகள் பல வருடம் பிழைக்கும். சோடியமைதரொட்சைட்டு விட்ட கண்ணாடி அளவியைக் கழுவாமல் வைத்தால் திருகு இறுகிப் பிறகு திரும்பாது. இந்தச் சின்னச் சின்னப் பராமரிப்பு நடக்காததால் வருடாவருடம் உபகரணம் 'பாவனைக்குதவாது' என்ற பட்டியலில் ஏறுகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். விஞ்ஞானப் பிரிவில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்றிருக்கும் பாடசாலைக்கு முழு ஆய்வுகூடம் வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலிருந்து போய்வரும் ஆசிரியர் பாடசாலை விட்ட பின் தங்கிச் செய்முறை நடத்துவதும் நடைமுறையில் சிரமம். வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகளை மாதம் இரு சனிக்கிழமைகளில் ஒரு நல்ல ஆய்வுகூடத்துக்கு பஸ்ஸில் கூட்டிவருவது முடியாத காரியமில்லை. கல்குடா கல்வி வலயத்துப் பிள்ளைகளுக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சம்மாந்துறை, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழக விடுமுறை நாட்களில் அந்த ஆய்வுகூடங்களின் கதவைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறக்க வலயக் கல்விப் பணிப்பாளர்கள் எழுத்தில் கேட்க வேண்டும். திருக்கோவில் வலயத்துக்குத் தூரம் கூட, அவர்களுக்கு வலயத்துக்குள்ளேயே ஒரு மத்திய ஆய்வுகூடம்தான் சரி.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று ஒதுக்கீடு இருக்கிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஒதுக்கீடு இருக்கிறதே என்று ஆறுதல்படுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உள்ளே போன பிள்ளை முதல் வருடத்தில் நேரே ஆய்வுகூடத்துக்குத்தான் போகிறது. பக்கத்து மேசையில் நிற்பவர் அளவியைப் பழக்கப்பட்ட கையால் திருப்ப, இவர் அதை எப்படிப் பிடிப்பதென்று பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை எந்த ஒதுக்கீட்டாலும் மாறாது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி நான்காம் தசமம் வரை கணக்கிடப்படும் நாட்டில், அமைப்புக் கட்டுரையில் நழுவும் ஐந்து பத்துப் புள்ளிகளும் சின்ன விடயமல்ல.

சரி, செய்முறைக்குத் தனிப் புள்ளி வைத்தால் எல்லாம் நேராகிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியாவைப் பார்த்தால் அவசரப்பட்டு ஆம் என்று சொல்ல முடியவில்லை. அங்கே மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 30. தமிழ்நாட்டிலும் 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. இருந்தும் மருத்துவ அனுமதி நீட் பரீட்சையின் 180 பல்தேர்வு வினாக்களில் தீர்மானமாகிறது, அங்கே கையால் செய்துகாட்டும் செய்முறைக்கு இடமே இல்லை. பிள்ளையும் பெற்றோரும் எது அனுமதியைத் தருகிறதோ அந்தப் பக்கமே சாய்வார்கள். நமது அமைப்புக் கட்டுரை வினா உண்மையில் நல்ல ஏற்பாடு, ஏனென்றால் அதன் புள்ளி நேராக இசட் புள்ளிக்குள் போகிறது. அந்த வினாவைச் செய்து கற்கும் வழியைத்தான் நாம் அடைத்து வைத்திருக்கிறோம்.

ஆகவே மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் வலயங்களிடமும் கேட்பது இதுதான். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தரங்களில் ஒவ்வொரு விஞ்ஞான பாடத்துக்கும் கிழமைக்கு ஓர் இரட்டைப் பாடவேளை செய்முறைக்கென நேரசூசியில் எழுதப்பட வேண்டும். நியாயமான அளவு உடைவு விசாரணையின்றிக் கழிக்கப்பட வேண்டும். ஆய்வுகூட உதவியாளர் வேறு வேலைக்கு அனுப்பப்படக் கூடாது. பாட ஆலோசகர்கள் மேற்பார்வைக்குப் போகும்போது பாடக் குறிப்பைப் பார்ப்பதோடு நிற்காமல், பிள்ளைகளின் செய்முறைக் கொப்பிகளை வாங்கி அருகருகே விரித்துப் பார்க்க வேண்டும். நாற்பது கொப்பியிலும் ஊசலைக் கொண்டு காணும் ஈர்ப்பு ஆர்முடுகல் 9.81 என்றும் நியமிப்பு வாசிப்பு 25.00 என்றும் இருந்தால் அந்த வகுப்பில் ஊசலும் ஆடவில்லை, அளவியும் திறக்கவில்லை. ஒன்றில் 9.6, இன்னொன்றில் 10.1, ஒன்றில் வெட்டித் திருத்திய 24.85 என்று இருந்தால் அங்கே வேலை நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட கொப்பிக்குச் சிவப்பு மையால் பிழை போடாமல், பிழை எங்கிருந்து வந்தது என்று பிள்ளையிடம் எழுதிக் கேட்க வேண்டும். அடுத்த தவணைக்கான நேரசூசி தயாராகும்போதே இவற்றைச் சேர்க்கலாம், புதிய சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு.