குண்டு எந்தப் பக்கம் வரும் என்பதும் முக்கியம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் வரும் பயங்கரவாத எதிர்ப்பு மொழிபெயர்ப்புத் தொடர்கதையின் ஆயுதப் பிழைகளைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். சென்ற வாரக் கேள்வி-பதில் பகுதியில் தாங்கள் அளித்த பதில்: "கதை விறுவிறுப்பாகப் போகிறதா என்று பாருங்கள். துப்பாக்கியில் எந்தப் பக்கம் குண்டு வரும் என்பதா முக்கியம்?" துப்பாக்கியைக் கையில் பிடித்திருப்பவனுக்கு அது கொஞ்சம் முக்கியம்தான் ஐயா. ராணுவப் பட்டறையில் 22 ஆண்டுகள் ஆர்மரராகத் துப்பாக்கி பழுது பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்.

வாசகி கேட்டது சைலன்சரைப் பற்றி. பதினோராம் அத்தியாயத்தில் நாயகன் எம்4 துப்பாக்கியில் சைலன்சரைத் திருகி வாசல் காவலனைச் சுடுகிறார். பத்தடி தள்ளிக் கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் இன்னொருவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. துப்பாக்கி வெடிப்பில் இரண்டு சத்தம் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. குழல் வாயில் வாயு பீறிடுவது ஒன்று. ஒலியை முந்திப் பறக்கும் தோட்டா காற்றில் சாட்டை சொடுக்குவது இன்னொன்று. சைலன்சர் முதலாவதை மட்டும் பிடித்து, விரியவிட்டு, ஆறவைத்து வெளியே அனுப்பும். இரண்டாவது அதன் கைக்கு எட்டாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. எம்4 தோட்டா ஏறத்தாழ 900 மீட்டர். அந்தச் சொடுக்கை எதைத் திருகியும் அடக்க முடியாது.

முதல் சத்தமாவது அடங்குகிறதா? எம்4-ஐ விடச் சிறிய 9 மி.மீ. கைத்துப்பாக்கியே 160 டெசிபல் அளவில் வெடிக்கும். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை கழிக்கும். தீபாவளி வெடிக்கு நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, நான்கு மீட்டர் தள்ளி 125 டெசிபல். அளக்கும் விதம் வேறென்றாலும் கணக்கு எங்கே போகிறது என்று புரியும். கட்டில்காரன் செவிடனாக இருந்தாலொழிய எழுந்து உட்கார்ந்திருப்பான்.

நிஜமாகவே சத்தம் குறைய வேண்டுமானால் தோட்டாவின் வேகத்தை ஒலிக்குக் கீழே இறக்க வேண்டும். ஜெர்மானியரின் எம்பி5 எஸ்டி துப்பாக்கி, குழலில் உள்ள துளைகள் வழியே வாயுவைக் கசியவிட்டு அதைச் செய்கிறது. கான்பூரில் செய்யப்பட்ட நம் 9 மி.மீ. கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியிலும் சைலன்சர் வைத்த வகை உண்டு. அதிலும், உள்ளே முன்னும் பின்னும் ஓடும் போல்ட் என்ற இரும்புத் துண்டின் 'கடக்' ஒலி போகாது. வேகம் குறைந்தால் வீச்சு குறையும். அதனால் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் நாய் குரைக்கும். அந்த நாயை என்ன செய்வது என்பதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது ஐயா. தங்கள் தொடரில் அது அரை வரியில் போய்விட்டது.

செயற்கைக்கோள் கதை இன்னும் மோசம். தலைமையகத் திரையில் எதிரியின் வீட்டு மாடியை விடிய விடிய நேரலையாகப் பார்க்கிறார்கள். தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகும் உளவுக்கோள் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். ஓர் ஊரின் மேல் சில நிமிடமே இருக்கும். அடுத்த சுற்றுக்குள் பூமி திரும்பிவிடுவதால் அதே ஊர் கீழே வராது. ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து மாடி தெரியாது. இரவெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் பிரிடேட்டர் போன்ற ட்ரோன்தான் கதி. அமெரிக்கர்கள் பிரிடேட்டரை நெவாடாவில் உட்கார்ந்து ஓட்டிய காலத்தில் ஒன்றிரண்டு நொடித் தாமதம் இருந்தது. அதனாலேயே ஏற்றி இறக்குவதைக் களத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு குழு நேரடி ரேடியோவில் செய்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வெப்பக் கேமரா சன்னல் கண்ணாடியை ஊடுருவி உள்ளே இருப்பவர்களை எண்ணுகிறது. சாதாரணக் கண்ணாடி அந்த வெப்பக் கதிரை விடாது. கேமராவில் கண்ணாடியின் சூடுதான் தெரியும்.

விறுவிறுப்பைப் பற்றித் தாங்கள் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இந்த வகை நாவலில் கருவி எங்கே கைவிடும் என்பதுதான் விறுவிறுப்பு. 1980 ஏப்ரலில், டெஹ்ரானில் பிணையாக இருந்த தூதரகத்தாரை மீட்க அமெரிக்கா எட்டு ஹெலிகாப்டர்களை அனுப்பியது. குறைந்தது ஆறு வேண்டும் என்பது கணக்கு. வழியிலேயே இரண்டு குறைந்தன. பாலைவனத்தில் இறங்கியபின் ஹைட்ராலிக் கோளாறில் இன்னொன்று. ஐந்தை வைத்துக்கொண்டு திரும்ப முடிவெடுத்தார்கள். புழுதியில் ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். 2011 மே மாதம் பின்லேடனைத் தேடிப் பாகிஸ்தானின் அபோட்டாபாத்துக்குப் போய் விழுந்த பிளாக் ஹாக் ஹெலிகாப்டரை எந்தக் குண்டும் துளைக்கவில்லை. மேலே சுழலும் இறக்கை கீழே தள்ளும் காற்று, உயர்ந்த மதில்களுக்குள் வெளியேற வழியின்றி மேலேறி, மறுபடி இறக்கைக்குள்ளேயே புகுந்தது. தூக்கும் விசை போயிற்று. எதிர்பார்த்ததைவிடச் சூடான இரவு வேறு. ஒத்திகைக்குக் கட்டிய மாதிரி வளாகத்தில் மதிலுக்குப் பதில் கம்பி வலை போட்டிருந்தார்கள். காற்று அதன் வழியே போய்விட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தங்கள் தொடரிலோ மதில் சூழ்ந்த முற்றத்தில் ஹெலிகாப்டர் தட்டானைப் போல வந்து உட்கார்கிறது.

தமிழாக்கம் செய்தவருக்கு என் அனுதாபங்கள். தோட்டா அடுக்கும் மேகசினைத்தான் "துப்பாக்கியில் புதிய இதழைச் செருகினான்" என்று எழுதியிருக்கிறார். எந்த இதழ் என்று சொல்லவில்லை. தங்களுடையதாக இருந்தால் சந்தாவாவது கூடட்டும். "தளபதி ஒரு நிறுவனத்தையே அனுப்பினார்" என்பதில் உள்ள நிறுவனம், கம்பெனி எனப்படும் நூறு சொச்சம் வீரர்கள். கிளாக் கைத்துப்பாக்கியில் இல்லாத சேஃப்டி நெம்புகோலை நாயகன் இருமுறை விடுவிக்கிறார். ஈழத்து நாளிதழ்களில் மேகசினுக்கு ரவைக்கூடு, பீரங்கிக் குண்டுக்கு எறிகணை என்று பழகிய சொற்கள் இருக்கின்றன. அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நமக்கு அந்த அவசியம் நேராதது நல்லதுதான், அதற்காக இதழைச் செருகுவதா?

ஓவியரையும் விடுவதற்கில்லை. முதல் அத்தியாயத்துப் படத்தில் தோட்டா பித்தளைக் கூட்டோடு பறக்கிறது. கூடு துப்பாக்கியிலிருந்து பக்கவாட்டில் தெறித்துத் தரையில் விழ வேண்டியது. ஏகே-47 மேகசின் பின்பக்கம், சுடுபவரின் வயிற்றை நோக்கி வளைகிறது. தோட்டாக்கள் அடி பருத்து நுனி சிறுத்திருப்பதால், அடுக்கினால் வாழைச் சீப்பு மாதிரி முன்பக்கம்தான் வளையும். பின்னால் வளைத்தால் தோட்டா சிக்கிக்கொள்ளும்.

முந்தைய தொடரில் நாயகன் கைக்குண்டுப் பின்னைப் பல்லால் பிடுங்கியபோதும் எழுதினேன். பின்னின் முனைகள் விரித்து மடக்கப்பட்டிருக்கும், பல்லால் இழுத்தால் வருவது பல் என்று விளக்கியிருந்தேன். பிரசுரமாகவில்லை. அதே வாரம் ராசிபலன் ஒரு பக்கம் கூடியிருந்தது. நெருக்கடி புரிகிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பதினோராம் அத்தியாயத்துக்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். மீதி அத்தியாயங்களை அச்சுக்கு முன் அனுப்பினால் சன்மானம் இல்லாமல் பார்த்துத் தருகிறேன். இரண்டும் இயலாதென்றால், ஓவியரிடம் சொல்லி அந்த மேகசினையாவது முன்பக்கம் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர்,
திருவெறும்பூர்.