பச்ச சேலைய வெட்டிட்டேன்மா

டர்ஹாம்
டிசம்பர் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் லெட்டர் வந்து பதினெட்டு நாள் ஆச்சு. ஆத்தூர் அக்காகிட்ட குடுத்தனுப்பின பார்சல்ல தட்டுவடைக்கு அடியில மடிச்சு வெச்சிருந்தியா, எண்ணெ ஊறிப்போயி ரெண்டாவது பக்கம் பாதி எழுத்தே தெரியல, ஆனா "உசுரோட இருக்கியா இல்லியா"ன்னு கேட்டது மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. இருக்கேம்மா. போன எடுப்பேன், நான் ஷிப்ட் முடிஞ்சு வர்ற ஒம்போது மணிக்கு அங்க ராத்திரி ரெண்டரை, சரி தூங்கட்டும்னு வெச்சுருவேன், அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல.

தட்டுவடை ஒண்ணு கூட ஒடையல. ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய் வெச்சு செட்டு போட்டு திங்கலாம்னு பீட்ரூட் வாங்கினேன், இங்க பீட்ரூட்ட வினிகர்ல ஊற வெச்சு பாட்டில்ல விக்கறாங்க, அத துருவி வெச்சு ஒரு வாய் கடிச்சேன், சேலம் அஞ்சு ரோடு தள்ளுவண்டிக்காரர் பாத்திருந்தா என்னைய அடிச்சே தொரத்திருப்பாரு. மீதிய வெறும் தட்டுவடையாவே தின்னேன், ஒரு நாளைக்கு ரெண்டுன்னு கணக்கு வெச்சு.

குளிரு இருக்கு. மத்தியானம் மூணு நாப்பதுக்கெல்லாம் சூரியன் போயிடுது. நீ குடுத்த தேங்கா எண்ணெ பாட்டிலுக்குள்ளயே வெள்ளக் கல்லு மாதிரி ஒறஞ்சு நிக்குது, தலைக்கு வெக்கணும்னா கரண்டியால சொரண்டி எடுக்கணும். வீட்டுக்குள்ளயே அப்படியான்னு கேக்காத, ஹீட்டர் இருக்கு, போடறோம், எனக்குதான் ரொம்ப சூடு ஒத்துக்கறதில்ல.

கிறிஸ்துமஸ்க்கு இங்க உள்ளவங்களுக்கு என்ன வாங்கிக் குடுக்கப் போறேன்னு கேட்டிருந்தீல்ல. ஒண்ணுமே வாங்கல, எல்லாம் நானே செஞ்சேன். காசு இல்லாம இல்ல. இங்க கடையில வாங்கறத விட கையால செஞ்சு குடுத்தாதான் மதிப்பு, நெசமா. அதுவும் எனக்கு இந்த ஊர்ல தெரிஞ்ச நாலு பேரும் தோட்டப் பைத்தியம், நான் நர்சரிக்காரர் பொண்ணு வேற, அப்பா மானத்த காப்பாத்த வேண்டாமா.

மொதல்ல பக்கத்து வீட்டு தாத்தா. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவரு, இந்தப் பனியிலயும் அரை டவுசர்தான். வீட்டுக்குப் பின்னாடி எடமில்லாதவங்களுக்கு கவுன்சில்காரங்க வருசக் குத்தகைக்கு நெலம் விடறாங்க, அலாட்மென்ட்டுனு பேரு, முழு பிளாட்னா 250 சதுர மீட்டர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட ஆறே கால் சென்ட். அதுல பாதிக்கு மேல லீக்ஸ்தான் போட்டுருக்காரு. லீக்ஸ்னா வெங்காயத்தாள் மாதிரிதான், ஆனா வாழத்தண்டு மொத்தம். இந்தப் பக்கம் முன்னாடி பூரா நெலக்கரி சொரங்கம், சொரங்கத்துக்காரங்க லீக்ஸ் வளத்து போட்டி வெப்பாங்களாம், யாரு லீக்ஸ் தடிமன்னு டேப்பு வெச்சு அளந்து பரிசு. நம்ம ஏற்காட்டுல மே மாசம் மலர்க் கண்காட்சிக்கு டிக்கட் எடுத்து உள்ள போயி ரோஜாவுக்கு முன்னாடி போட்டோ எடுக்கறோம், இங்க ஒரு வெங்காயத்தாளுக்கு மனுசன் ராத்திரி காவல் படுக்கறான்.

அவரு உரக்குழிக்குள்ள ஒரு நீள தெர்மாமீட்டர் குத்தி வெச்சிருப்பாரு, தெனமும் புள்ளைக்கு காய்ச்சல் பாக்கற மாதிரி உருவிப் பாப்பாரு, அறுபது டிகிரி தொட்டா விசில் அடிப்பாரு. ஞாயித்துக்கெழம வாளிய தூக்கிட்டு வீடு வீடா வந்து காப்பிச் சக்கை, டீத்தூள், காய்கறித் தோல் எல்லாம் வாங்கிட்டுப் போவாரு. நம்ம ஏற்காட்டு மேல காட்டு காப்பிக் கொட்டையில நீ வறுத்து அரைச்சு அனுப்பினியே, அதோட சக்கை பூரா இப்ப டர்ஹாம் லீக்ஸுக்குதான் போகுது. சிக்கரி கலந்திருக்குன்னு நான் அவருகிட்ட சொல்லல.

அவருக்கு முட்டிவலி. குனிஞ்சு களையெடுக்க முடியாம முட்டி போட்டுதான் வேல பாக்கறாரு, கீழ ஒரு உரச்சாக்கு. அதனால முட்டிக்கு ஒரு மெத்தை தைச்சேன். என் பழைய ஜீன்ஸ் காலு ரெண்டையும் பிரிச்சு மேலுறை, உள்ளுக்கு கிழிஞ்ச குவில்ட்டு பஞ்சு, ஈரம் ஏறாம இருக்க நடுவுல ஒரு கெட்டி பிளாஸ்டிக் பையி, தூக்கிட்டுப் போக ஒரு காது. ஊசி நூலுதான், மிஷின் இல்ல, இந்த மாசம் எனக்கு நெறைய லீவு குடுத்தாங்க, அதனால நேரம் இருந்துச்சு. கைக்கு க்ளவுஸ் போட்டுக்கிட்டே தைச்சதுல தையல் கோணல்மாணலா போயிருச்சு, நீ பாத்தா பிரிச்சுப் போட்டு திரும்ப தைக்கச் சொல்லுவ.

அடிப்பக்கத்துக்கு துணி பத்தல. இங்க தச்சுத் தள்றதுக்கு வேஷ்டி கிழிசல், பழைய பாவாடைன்னு என்ன இருக்கு. பெட்டியத் தொறந்து உன் பச்ச இளம்பிள்ள சேலைய எடுத்தேன். நான் கெளம்பறப்ப பெட்டியில டம்ளர் ஒடையாம இருக்க சுத்தி வெச்சியே, அதுதான். அழுக்குத் துணிதான, வெட்டினா என்னன்னு கத்திரிய வெச்சேன், ஒரு மொழம் வெட்டினதும் உள் மடிப்புலருந்து அடுப்புப் பொகையும் மஞ்சத்தூளும் கலந்த அந்த வாசம் வந்துச்சு பாரு. அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேம்மா. எவ்ளோ நேரம்னு தெரியல, ஜன்னல் இருட்டிப் போச்சு. அதுக்கப்பறம் வெட்டல. முந்தானைப் பக்கம் பூரா அப்படியே இருக்கு. நீ திட்டுவியோன்னுதான் இத எழுதறதுக்கே இத்தன நாளு.

சரி அத விடு. வேலையிடத்துல சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு யாரு பரிசு குடுக்கணும்னு எடுப்பாங்க, சீக்ரெட் சான்டான்னு பேரு. எனக்கு சமையக்கட்டு அம்மா பேரு வந்துச்சு, அவங்களும் தோட்டக்காரி, நகத்துல மண்ணு போகவே போகாது. ரெண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு நம்ம தேங்கா எண்ணெ, சுடுதண்ணியில பாட்டில வெச்சு எளக்கி, எலுமிச்சந்தோலு துருவிப் போட்டு ஜாம் பாட்டில்ல அடைச்சேன். ஈரக்கை போடாம கரண்டியால எடுத்து கைல தேய்ச்சுக் கழுவினா மண்ணுக்கறை போயிரும், தோலும் வெடிக்காது. மூடிக்கு பேப்பர் கட்டி சணல் நூலு. இதெல்லாம் கடையில பெரிய வெலைக்கு விக்கறாங்க, நம்ம ஊர்ல களையெடுத்துட்டு வந்து அம்மாயி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சதுக்கு யாரும் பாட்டில் போடல.

அடுத்தது நான் வேல பாக்கற முதியோர் ஹோம்ல ஒரு பாட்டி. தொண்ணூறு தாண்டியாச்சு, ஒரு காலத்துல பெரிய தோட்டம் வெச்சிருந்தவங்களாம், இப்ப ஜன்னல் ஓரம் நாற்காலிதான் ஒலகம். அவங்களுக்கு ஹயசிந்த் கிழங்கு. பாக்கறதுக்கு அப்படியே பெரிய வெங்காயம். இதுக்கு பத்துப் பன்னெண்டு வாரம் குளிரு காட்டணும், அப்பதான் பூக்கும், அதனால செப்டம்பர் கடைசியிலயே நாலு கிழங்கு வாங்கி பேப்பர் கவர்ல போட்டு பிரிட்ஜுல வெச்சேன். பக்கத்துல ஆப்பிள் வெக்கக் கூடாது, ஆப்பிள்லருந்து வர்ற வாயு உள்ள இருக்கற பூவக் கருக்கிரும். ஆப்பிளுக்குதான் பயந்தேன், ஆளுக்கு பயப்படல. கூட இருக்கற கோட்டயத்துப் பொண்ணு வெங்காயம்னு நெனச்சு மீன் கொழம்புக்கு ஒண்ண அரிஞ்சுட்டா! கை பூரா சேனக்கெழங்கு மாதிரி அரிப்பு, அதுலதான் முழிச்சுக்கிட்டோம், அது வெஷக் கிழங்கும்மா, கொழம்புல போட்டிருந்தா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிதான். மிச்ச மூணுல நல்லதா ஒண்ண எடுத்து பாட்டில் கழுத்துல உக்கார வெச்சு, அடி தண்ணியத் தொடாம ஒரு நூல் எடைவெளி விட்டு குடுத்தேன். இன்னும் பூக்கல, மொட்டு மட்டும் மொளகா மாதிரி எட்டிப் பாக்குது. பாட்டி காலைல எந்திரிச்சதும் குட் மார்னிங் மொதல்ல அதுக்குதான்.

வெதப்பந்தும் செஞ்சு பாத்தேன், தம்பி ஸ்கூல்ல செஞ்சானே. களிமண்ணு எட்டு நாளாகியும் காயல, உள்ளயே மொளச்சு வாலு வாலா வந்துருச்சு. தூக்கி தாத்தா வாளியில போட்டேன்.

மத்தவங்களுக்கு செண்டுமல்லி வெத. கோடையில ஜன்னல் தொட்டியில பூத்தது, காய விட்டு எடுத்தது. பேப்பர்ல செவ்வாப்பேட்ட மளிகைக்கட பொட்டலம் மாதிரி மடிச்சு நூலு சுத்தி, மேல "ஏப்ரல்ல வீட்டுக்குள்ள போடவும், பனி போனதும் வெளிய வைக்கவும்"னு எழுதினேன். வெதய யாரும் பாக்கல, பசையில்லாம எப்படி மடிச்சன்னு பொட்டலத்தையே திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. நீ கத்திரி வெத, கறிவேப்பிலச் செடி எல்லாம் அடுத்த பார்சல்ல வெக்கறேன்னு எழுதிருந்தியே, வேண்டாம்மா. வெதைக்கு நம்ம கவர்மென்ட் நோயில்லாச் சான்றிதழ் இருந்தாதான் உள்ள விடுவாங்க, இல்லாட்டி புடிச்சு அழிச்சுருவாங்க, கறிவேப்பிலச் செடிக்கு சுத்தமா தடை. அப்பாகிட்ட சொல்லு, செடிக்கடையில தேங்கா நாரு கட்டி பாத்தேன், 650 கிராம் கட்டி, தண்ணி ஊத்தினா எட்டொம்போது லிட்டர் ஆகும்னு போட்டு, கீழ இந்தியான்னு இருந்துச்சு. சும்மா கையில வெச்சுக்கிட்டு நின்னேன், கடைக்காரப் பையன் உதவி வேணுமான்னு கேட்டான்.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு பஸ் ஓடாது, நடந்து போயி டியூட்டி பாத்தேன், நானாதான் கேட்டு வாங்கினேன். அடுத்த நாள் தாத்தா கதவத் தட்டினாரு. மூணு லீக்ஸ், செவப்பு ரிப்பன் கட்டி. மெத்தைய ஹால்லயே போட்டு முட்டி போட்டுக் காமிச்சாரு, பச்சப் பக்கம் மேல வெச்சு. இது அடிப்பக்கம்னு சொன்னேன், இல்ல இதுதான் அழகான பக்கம்ன்னாரு. லீக்ஸ சாம்பார்ல போட்டேன், நல்லாதான் இருந்துச்சு.

இப்ப மேல காட்டு விசயம். சித்தப்பா நாகலூர் காட்ட ரிசார்ட்காரங்களுக்கு குடுக்கலாம்கறாருன்னு எழுதிருந்த. அப்பா எதுலயும் கையெழுத்து போடக் கூடாது. நம்ம தாத்தா சொந்தமா சம்பாதிச்ச நெலம், உயில் எழுதாம போனவரு, அத்தைக்கும் சம பங்கு இருக்கு, பங்க விட்டுக் குடுக்கற விடுதலப் பத்திரம்னு சித்தப்பா அத்தைய கூட்டிட்டு பத்திர ஆபீஸ் போயிரப் போறாரு, நீ மொதல்ல அத்தைக்கு போன் போடு. அத்த மேல உனக்கு கோவம்னு தெரியும், மோதிர விசயத்த அப்பறம் பாத்துக்கலாம்.

தண்டுத் துளைப்பான் வண்டு விழுந்த காப்பிச் செடி எத்தனன்னு தம்பிய எண்ணச் சொல்லு. பிடுங்கினத வெறகுக்குன்னு கொட்டாய் ஓரம் அடுக்க வேண்டாம், உள்ள இருக்கற வண்டு மறுபடி வெளிய வந்து நல்ல செடியில ஏறும், அங்கயே எரிச்சுருங்க. பழம் எடுக்க ஆள் வரலன்னா அப்பா தனியா மேல போக வேண்டாம், காட்டுமாடு நடமாட்டம் இருக்குன்னு ஆத்தூர் அக்கா சொன்னாங்க. உன் கண்ணு ஆபரேசன பொங்கலுக்கு அப்பறம்னு தள்ளாத, ஏற்கனவே தீபாவளிக்கு அப்பறம்னு சொன்னவதான் நீ.

இந்த மாசப் பணம் பத்து நாள் தள்ளி வரும்மா. பேங்க்ல ஏதோ சர்வர் மாத்தறாங்களாம். சொசைட்டி வட்டிய மட்டும் தம்பிய கட்டச் சொல்லு, சீட்டுப் பணத்துலருந்து எடுத்துக்கட்டும், அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்.

உன் மக