'ஊறுது' என்ற சொல்லைத் தொலைத்த செயலிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயலிக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். ஆவணியிலிருந்து மூன்று புகார் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில் வந்தது. நாலாவதையும் அதே பெட்டியில் போடுவதைவிட, நாலு பேர் பார்க்க எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கேட்பது ஒன்றுதான். வேலைப் பட்டியல் கோப்பின் தலைவரியில், ஒவ்வொரு வேலையும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்ல நாங்கள் எழுதி வைத்திருக்கும் நிலைப் பெயர்களை உங்கள் செயலி படிக்க வேண்டும். ஆடி மாதப் புதுப்பிப்புக்கு முன்னால் படித்துக்கொண்டுதான் இருந்தது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் பழுது பார்த்துக் கொடுப்பது என் தொழில். சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். வீடு மட்டும் இங்கே இருக்கிறது. நாலு வீட்டு வேலையும் ஒரே ஒரு வெறும் எழுத்துக் கோப்பில் அடக்கம். என் மேசைக் கணினியில் அதை ஈமாக்ஸ் என்ற எழுதுகருவியில், அதற்குள் வேலைப் பட்டியலைக் கவனிக்கும் ஆர்க் மோடில் திறப்பேன். வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார் கைபேசியில் உங்கள் செயலியில் திறப்பார். மூன்று வருடம் இப்படி ஓடியது, ஒரு குறையும் இல்லை.

எங்கள் தலைவரி இதுதான்: செய்யணும், பங்காளியிடம், ஊறுது, காயுது, பிறகு ஒரு நெட்டுக்கோடு, கோட்டுக்கு அந்தப்பக்கம் முடிஞ்சது, வேண்டாம். கோட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் நிலுவை, பின்னால் இருப்பதெல்லாம் தீர்ந்தது. கோடே போடாவிட்டால் கடைசிச் சொல் மட்டும் தீர்ந்ததாகக் கணக்கு. இதை உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனால் ஆடிக்குப் பிறகு, அந்தத் தெருவில் கொல்லன் இன்னும் குடியிருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

'பங்காளியிடம்' என்பதை விளையாட்டுக்கு வைக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் பதினோரு புள்ளி, அதாவது பதினோரு குடும்பம், சொந்தம். இரண்டாம் கட்டில் ஒரு தேக்குக் கதவு நிலையைக் கழற்றி மாட்ட வேண்டுமென்றால் பதினோரு பேரும் சரி சொல்ல வேண்டும். அதனால் 'பங்காளியிடம்' என்ற நிலைப் பெயருக்கு அட் குறி (@) போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வேலையை அதற்கு மாற்றினாலே, யாரிடம் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று ஆர்க் மோட் குறிப்புக் கேட்கும். அந்த ஒரு கதவு நிலைக்கு ஒன்பது குறிப்பு சேர்ந்திருக்கிறது. அதில் நாலு ஒரே ஆளைப் பற்றியது. அது யார் என்பது இந்த மடலுக்கு வேண்டாம்.

'ஊறுது' வேறு சங்கதி. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதிக்கும். கொதித்து அடங்கினதும் வேலை முடிந்துபோன மாதிரிதான் தெரியும். முடிந்திருக்காது. நாங்கள் பதினைந்து நாளுக்குக் குறையாமல் தண்ணீருக்குள்ளேயே விட்டுவைப்போம். நாள் கூடினால் இன்னும் நல்லது. அந்தப் பதினைந்து நாளும் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, தொடாமல் இருந்தால் போதும். அது 'செய்ய வேண்டியது' இல்லை, 'நடக்கிறது' என்றும் சொல்ல முடியாது, 'முடிந்தது' நிச்சயமாக இல்லை. அதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. அதைத்தான் எழுதி வைத்தோம்.

ஆடியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். செயலி தலைவரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தானாக மூன்று நிலையை வைத்துக்கொண்டது. அதற்குத் தெரியாத சொல் எதுவாக இருந்தாலும் தலைப்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டது. ஆகவே 'ஊறுது கிழக்குத் தொட்டிச் சுண்ணாம்பு' என்ற வரி வேலை என்கிற அந்தஸ்தை இழந்து சும்மா ஒரு தலைப்பாகிவிட்டது. நிலுவைப் பட்டியலிலிருந்தும் காணாமல் போனது. எச்சரிக்கை இல்லை, கேள்வி இல்லை.

எங்கள் பழக்கத்தில் பட்டியலில் இல்லை என்றால் முடிந்துவிட்டது என்று பொருள். கொத்தனார் காலையில் பார்த்திருக்கிறார். தொட்டி பட்டியலில் இல்லை. ஊறப்போட்டு ஐந்தாம் நாள், அள்ளிப் பூசிவிட்டார். நான் அந்த வாரம் மதுரையில் இருந்தேன். திரும்பி வந்து கேட்டபோது கைபேசியை என் கையில் கொடுத்தார். "லிஸ்ட்ல இல்லையே அண்ணே" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

நீறாத துணுக்கு சுண்ணாம்பில் இருந்தால் உடனே காட்டிக்கொடுக்காது. பூசின சுவர் முதலில் அழகாகத்தான் இருக்கும். வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துத் தேய்த்த மேல்பூச்சில் முகம் பார்க்கலாம். பிறகு அந்தத் துணுக்கு ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளேயே உப்பும். ஒருநாள் மேல்பூச்சைத் தள்ளிக்கொண்டு தெறிக்கும். விழுந்த இடத்தில் மிளகு அளவு பள்ளம், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஐப்பசி மழைக்குப் பிறகு முதல் பள்ளம் தெரிந்தது. தை மாதம் அந்த வீட்டில் அறுபதாம் கல்யாணம். அதற்குள் வளவின், அதாவது உள்முற்றத்தின், கிழக்குச் சுவர் முழுக்கப் புள்ளி. வீட்டு ஆச்சி வந்து, சுவரில் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, சுவத்துக்கு அம்மை வார்த்திருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பந்தல்காரரிடம் ஜமுக்காளம் வாங்கிச் சுவரை மறைத்தோம். இப்போது மொத்தத்தையும் கொத்திவிட்டு என் கைக்காசில் மறுபடி பூச வேண்டும்.

இதற்கு நீங்கள் அனுப்பிய பதில்: நிலைப் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே செயலி அடையாளம் காணும். சரி, தமிழில் பெரிய எழுத்துக்கு நான் எங்கே போவேன்? ழகரத்தைத் தடிப்பாக எழுதினால் ஆகுமா? சென்னையில் உட்கார்ந்து தமிழில் மெனு போட்டு, பொங்கலுக்குப் பானை படத்தோடு வாழ்த்தும் அனுப்புகிறவர்களுக்கு, நம் எழுத்தில் பெரிசு சின்னது கிடையாது என்று யாரும் சொல்லவில்லையா?

நீங்கள் சொன்னதையும் செய்து பார்த்தேன். 'ஊறுது' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்தேன். செயலி உடனே ஏற்றுக்கொண்டது. கொத்தனாருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. முப்பது வருடம் சுண்ணாம்பு அரைத்தவர், தமிழ் நன்றாகப் படிப்பார். அவர் படிப்பதற்காகத்தானே எழுதுகிறேன்?

ஒன்று சொல்ல வேண்டும். புதுப்பிப்பு வந்த முதல் வாரம், உங்கள் செயலி கோப்பைச் சேமிக்கும்போது தலைவரியில் இருந்த நெட்டுக்கோட்டையும் விழுங்கியது. கோடு போனதும் கடைசியில் இருந்த 'வேண்டாம்' மட்டும் தீர்ந்ததாகி, 'முடிஞ்சது' எல்லாம் நிலுவையாக எழுந்து உட்கார்ந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தது: போன வருடம் காசு வாங்கின ஆத்தங்குடிக் கல் இன்னும் பதிக்கவில்லையா என்று. அதைப் புகார் சொன்ன இரண்டே வாரத்தில் சரி செய்தீர்கள். அதற்கு நன்றி. உங்களால் முடியும் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு கோபம்.

கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-ல் எழுதத் தொடங்கியது ஆர்க் மோட். அதில் நிலைக்கு எந்தச் சொல்லையும் வைத்துக்கொள்ளலாம், சொல்லுக்கு நடுவில் இடைவெளி மட்டும் வரக்கூடாது. ஈமாக்ஸில் தமிழ்ச் சொல் ஒருநாளும் தகராறு செய்ததில்லை. எங்கோ நெதர்லாந்தில் எழுதியவருடைய பெட்டியில் 'ஊறுது'க்கு இடம் இருக்கிறது, நம் ஊர்ச் செயலியில் இல்லை.

எல்லாப் பெட்டியும் இப்படித்தான். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். பார்சல்காரர்களின் படிவத்தில் ஒரு தெருவுக்குத்தான் கட்டம். பின்வாசலில் நின்று தட்டிவிட்டு, ஆளில்லை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கடை வைத்த நகரத்தார்கள் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், ஐந்தொகை என்று தங்கள் தொழிலுக்குத் தங்கள் சொல்லை வைத்துக்கொண்டு கணக்கு எழுதினார்கள். பேரேடு எந்தச் சொல்லையும் திருப்பி அனுப்பியதில்லை. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்கூடச் செட்டிநாட்டு ஊர்கள் ஏறிவிட்டன. உங்கள் நிலுவைப் பட்டியலில்தான் ஒரு சுண்ணாம்புத் தொட்டி ஏற முடியவில்லை.

சரி, பேச்சு எங்கோ போகிறது. மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

தயவுசெய்து தலைவரியைப் படியுங்கள். கோட்டுக்கு முன்னால் என்ன சொல் இருந்தாலும், எந்த எழுத்தில் இருந்தாலும், அதை நிலுவையாகக் காட்டுங்கள். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை தெரியாத சொல்லோடு வருகிற வரியை மறைக்காமலாவது இருங்கள். மேலே ஒரு கேள்விக்குறியைப் போட்டுக் காட்டினால்கூடப் போதும், கொத்தனார் எனக்குப் போன் செய்து கேட்டுக்கொள்வார். சோதிக்க மாதிரி வேண்டுமென்றால் என் கோப்பையே அனுப்புகிறேன், பங்காளிக் குறிப்புகளை மட்டும் எடுத்துவிட்டு.

கிழக்குச் சுவருக்காகப் போன வெள்ளிக்கிழமை புதுச் சுண்ணாம்பு போட்டிருக்கிறோம். கொத்தனார் உங்கள் செயலியைத் திறப்பதில்லை. தொட்டியை ஒட்டிய தூணில் அடுப்புக்கரியால் 'ஊறுது' என்று பெரிதாக எழுதி, கீழே நாளுக்கு ஒரு கோடு போட்டுவருகிறார். இன்று காலை ஆறு கோடு இருந்தது.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து, இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்