செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025: விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் வேண்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான பணிகள் இவ்வாண்டும் தொடர்ந்து நடைபெற்றன. கோடையில் தண்ணீர்த் தொட்டிகள் வைத்தோம். செப்டம்பர் 28 ஆம் நாள் உலக வெறிநாய்க்கடி நோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருந்தகத்தின் உதவியோடு தடுப்பூசி முகாம் நடத்தினோம். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடும் பணியில் நகராட்சிக்குத் துணை நின்றோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். அடிபட்ட விலங்குகளை மீட்பதில் நாம் எவ்வளவு உழைத்தாலும், அடித்தவர்மீது நடவடிக்கை எடுக்க முடியாமல் திரும்ப வேண்டியிருப்பதால், சட்டத் திருத்தம் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகப் பேசலாம் எனச் செயற்குழு இசைந்தது.

இவ்வாண்டு நமக்கு வந்த புகார்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். நுகத்தடி பட்டுக் கழுத்தில் சீழ் பிடித்த மாட்டை உச்சிவெயிலில் பாரவண்டியில் பூட்டி ஓட்டியதாக நம் உறுப்பினர்கள் புகைப்படத்துடன் காவல் நிலையத்தில் புகார் அளித்தனர். புண்பட்ட விலங்கை வேலை வாங்குவது 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆவது பிரிவின்படி குற்றம். வெப்பம் 37 பாகைக்கு மேற்பட்ட இடங்களில் நண்பகல் 12 மணிமுதல் 3 மணிவரை வண்டிமாடுகளைப் பூட்டக் கூடாது என்று 1965 ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. ஆயினும் நமக்குக் கிடைத்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே. நீதித்துறை நடுவரின் அனுமதி பெற்று வந்தால்தான் விசாரிக்க இயலும் என்றார்கள். அனுமதிக்கு அலைந்துகொண்டிருக்கையிலேயே வழக்குத் தொடுப்பதற்கான காலம் கடந்துவிட்டது.

இதில் காவலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அச்சட்டத்தின் 31 ஆவது பிரிவு, கொடூரமாகக் கொல்லுதல் அல்லது உறுப்பறுத்தல், விலங்குகளை மோதவிடுதல் முதலான சில குற்றங்களை மட்டுமே நடுவரின் அனுமதியின்றி விசாரித்து, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவையாக வைத்திருக்கிறது. அடித்தல், பட்டினி போடுதல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல் போன்ற அன்றாடக் கொடுமைகள் அதற்குள் வருவதில்லை. 34 ஆவது பிரிவின்படி தலைமைக் காவலரோ அவருக்கு மேற்பட்டவரோ விலங்கைக் கைப்பற்றி மருத்துவரிடம் காட்டலாம் என்பது உண்மைதான்; நம் அனுபவத்தில் அதை எடுத்துச் சொன்ன பிறகே நிலையங்கள் அப்பிரிவைத் தேடிப் பார்க்கின்றன. போதாக்குறைக்கு, குற்றம் நடந்த 3 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது 36 ஆவது பிரிவு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களுக்குக்கூடப் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டம் 6 மாதம் தருகிறது என்பதை உறுப்பினர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அபராதத் தொகையைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை; 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேட்பவர்கள் சிரித்துவிடும் தொகை இது. எனினும், தொகையை மட்டும் உயர்த்திவிட்டு மேற்சொன்ன 31, 36 ஆகிய இரு பிரிவுகளை அப்படியே விட்டால், வசூலிக்கப்படாத பெரிய அபராதம் ஒன்று ஏட்டில் இருக்குமே தவிர மாட்டின் கழுத்துப் புண் ஆறாது என்பது என் கருத்து.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆவது பிரிவு, விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ 5 ஆண்டு வரை சிறை என்கிறது. இது முன்னேற்றமே. ஆனால் அக்குற்றம் ஒருவருக்கோ பொதுமக்களுக்கோ இழப்பு உண்டாக்குதல் என்ற அடிப்படையில் அமைந்தது; உரிமையாளர் இல்லாத தெருநாய்க்கு அது எப்படிப் பொருந்தும் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 377 ஆவது பிரிவு நீங்கியதால், விலங்குகள்மீதான பாலியல் வன்கொடுமைக்கெனத் தனிப் பிரிவும் இப்போது இல்லை. ஒன்றிய அரசு 2022 நவம்பரில் வெளியிட்ட திருத்த வரைவு இன்னும் சட்டமாகவில்லை.

மாநிலம் இதில் என்ன செய்ய முடியும் என்று சென்ற கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். விலங்கு வதைத் தடுப்பு, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 17 ஆவது இனமாக உள்ளது. 254(2) ஆவது உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால், ஒன்றியச் சட்டத்துக்கு முரணான மாநிலத் திருத்தமும் அம்மாநிலத்தில் செல்லும். ஏறுதழுவுதலுக்காக (ஜல்லிக்கட்டு) 2017 ஜனவரியில் நம் சட்டமன்றம் இதே சட்டத்தைத் திருத்தியது. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று அத்திருத்தம் செல்லும் என்றது. ஏறுதழுவுதல் பற்றி நம்மிடையே இரு கருத்து உண்டு. அந்த விவாதத்தை இங்கே திறக்க நான் விரும்பவில்லை. சட்டமன்றத்துக்கு வழி தெரியும் என்பதே நான் சொல்ல வருவது. மேலும் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிகோலியவர், மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அரசே சட்டம் இயற்றும் என்ற நேருவின் உறுதிமொழியை ஏற்று அதைத் திரும்பப் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல். அவர் தலைமையில் 1962 இல் தொடங்கிய விலங்குகள் நல வாரியம் நெடுங்காலம் சென்னையில்தான் இயங்கியது.

வண்டிக்காரர்களும் கறவைமாடு வைத்திருப்போரும் இக்கோரிக்கையைக் கண்டு அஞ்சுவதையும் நாம் மதிக்க வேண்டும். வறுமையால் மருத்துவம் பார்க்க முடியாதவருக்கும் வேண்டுமென்றே வதைப்பவருக்கும் ஒரே தண்டனை கூடாது; முன்னவருக்கு முதலில் எச்சரிக்கையும் இலவசச் சிகிச்சையும் தரும் ஏற்பாடு திருத்தத்திலேயே இருக்க வேண்டும்.

எனவே, 11 ஆவது பிரிவின் கடுமையான குற்றங்களைப் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவையாக்கவும், வழக்குத் தொடுக்கும் காலத்தை ஓராண்டாக நீட்டவும், அபராதத்தை உயர்த்தி அதை அந்த விலங்கின் சிகிச்சைக்கே செலவிடவும், பாலியல் வன்கொடுமையைத் தனிக் குற்றமாகச் சேர்க்கவும் மாநில அரசைக் கோரும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தீர்மானம் நிறைவேறினால், அதன் நகலுடன் நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரையும் கால்நடை பராமரிப்புத் துறை அமைச்சரையும் நேரில் சந்திக்கக் குழு அமைக்க வேண்டும். குழுவில் வழக்கறிஞர் ஒருவரும், கால்நடை மருத்துவர் ஒருவரும், கட்டாயம் ஒரு வண்டிக்காரரும் இடம்பெறுவது நல்லது. கையெழுத்துப் படிவங்கள் இணைச் செயலாளரிடம் உள்ளன. கூட்டம் முடிந்து செல்லும்போது பெற்றுக்கொள்ளவும்.

இங்ஙனம்,
செயலாளர்