சின்னவன் கத்தரி பிடிக்கப் போகிறானாம்

அல்சூர், பெங்களூரு

அன்பு நண்பா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கடையில் நின்று முடி வெட்டாதே என்று டாக்டர் சொன்னதை நீ காதில் வாங்கியிருக்க மாட்டாய்.

சிரிக்காமல் படி. என் சின்னவன் முடிதிருத்தும் தொழிலைப் படிக்கப் போகிறானாம். பி.காம். முடித்துக் கால் சென்டரில் இரவு வேலை பார்த்தவன், போன மாதம் அதை விட்டுவிட்டு வந்து சொன்னான். அவன் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பக்கத்து வீட்டில் 'ஹேர் டிசைன்' படிக்கப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை இந்திராநகரில் ஒரு பயிற்சிப் பள்ளியைப் பார்த்து வந்தேன். நான்கு மாதப் படிப்புக்கு 1,10,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., 19,800. கத்தரிக்கோல், கிளிப்பர், டம்மி தலை எல்லாம் சேர்ந்த பெட்டி 16,000. ஆக 1,45,800. கட்டிய பணம் திரும்பி வராது. சலூனில் முடி வெட்டிக்கொள்வதற்கான வரியை 2025 செப்டம்பரில் 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். கற்றுக்கொள்கிறவனுக்கு மட்டும் அதே 18!

கைத்தொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தையும் விசாரித்தேன். அதிலுள்ள 18 தொழில்களில் இதுவும் ஒன்று. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000. ஆனால் ஏற்கெனவே தொழில் செய்கிறவர்களுக்குத்தான். உனக்குக் கிடைத்திருக்கும், உங்கள் ஊரில் அந்தத் திட்டம் நடந்திருந்தால்.

வகுப்பில் பதினான்கு பேர். சோப்பு நுரை பூசிய பலூனைச் சவரக்கத்தியால் மழித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற பத்து நிமிடத்தில் மூன்று வெடித்தன. மணிப்பூரிலிருந்து வந்த நான்கு பேரின் கை அசாத்தியச் சுத்தம். பெண்கள் மூவர். வேலை போன மென்பொருள்காரர் ஒருவர், என் வயது இருக்கும். துபாய்க்குப் போகச் சான்றிதழ் வேண்டும் என்று வந்த கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன். பரம்பரையாக இந்தத் தொழிலில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டே பேர், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள்.

அங்கே நிற்கும்போது உன் அப்பா நினைவுக்கு வந்தார். முடி வெட்டியதற்குக் கூலியாக அறுவடைக்கு அறுவடை நெல் வாங்கிப் போவார். என் பாட்டி அவரைத் திண்ணையில்கூட உட்காரவிட்டதில்லை. நீ என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், இதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது அந்தப் பாட்டியின் கொள்ளுப்பேரனுக்காக ஒன்றரை லட்சம் எண்ணி வைக்க நிற்கிறேன்.

உன் முதல் டம்மி தலை நான்தான், மறந்துவிடாதே. எட்டாம் வகுப்பில் ஒரு கிருதா காதுக்கு மேலும் மற்றது காதுக்குக் கீழும் இருக்க, ஒரு வாரம் துண்டு கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அதனால் உரிமையோடு கேட்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் இவனை இரண்டு மாதம் உன் கடையில் வைத்துக்கொள்வாயா? முடியைப் பெருக்கட்டும், துண்டு துவைக்கட்டும், காலை எட்டிலிருந்து இரவு ஒன்பதுவரை நின்று பார்க்கட்டும். கால் தாங்குகிறதா, கிழவர்களின் வாய்க்கு ஈடுகொடுக்கிறானா என்று நீ சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும். ஆகாது என்றாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு.

செவ்வாய்க்கிழமை உன் கடை விடுமுறைதானே? அன்று காலையில் பேசுகிறேன். சம்பளம் கேட்டால் கொடுக்காதே, சாப்பாடு மட்டும் போடு.

உன்,
பெஞ்சுத் தோழன்